வெயிலுக்குக் காத்திருந்த துணி

எங்கள் கட்டிடத்தில் எல்லோரும் அவரை எக்ஸ்ரே சார் என்றுதான் கூப்பிடுவோம். பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இளவயதில் வேலைக்குச் சேர்ந்து, அந்த அறையிலேயே தலை நரைத்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றவர். கட்டிடத்தில் யாராவது கையையோ காலையோ முறித்துக்கொண்டால், எடுத்த படத்தை முதலில் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து நெடுநேரம் பார்ப்பார். பிறகு உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து, "டாக்டர் சொல்லுவாரு" என்பார்.

"பின்ன எதுக்கு சார் இவ்வளவு நேரம் பாத்தீங்க?"

"படம் நல்லா விழுந்திருக்கான்னு பாத்தேன்."

அதற்கு மேல் ஒரு சொல் வராது. படம் எடுக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் கற்ற முதல் பாடம். வீட்டுக்கு வந்தும் அது அவரை விட்டுப் போகவில்லை.

அவர் மனைவி அதற்கு நேர் எதிர். வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசக்கூடியவர். முன்னறையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை, தலையணை உறை, நைட்டி, இறுகப் பிடித்த சட்டையைத் தளர்த்துவது, தளர்ந்ததைப் பிடிப்பது என்று எல்லாம் செய்வார். நாங்கள் தையலக்கா என்போம். "கல்யாணமான புதுசுல இவரு என் முகத்தை எங்க பாத்தாரு? தோள்பட்டையைத்தான் பாத்தாரு. நல்ல எலும்புன்னு சொன்னாரு. அதையும் ஒரு பாராட்டுன்னு எடுத்துக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்" என்று அவரை வைத்துக்கொண்டே சொல்வார். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

நான் எதிர்வீடு. ஒரு பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். குழாய்களைக் கழுவுவது, பாட்டில்களை அடுக்குவது, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் இரு வீட்டுக் கதவுகளும் பகலில் சாத்தியிருந்ததாக எனக்கு நினைவில்லை.

சார் ஓய்வு பெற்ற புதிதில் அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் நூல்கண்டுகளைப் பருமன் வாரியாக அடுக்கி வைத்தார். கத்தரிக்கோலைத் தினமும் துடைத்து ஆணியில் மாட்டினார். அக்கா கை நீட்டுகிற இடத்தில் எதுவும் இருக்காது. ஒருநாள் வாசலுக்கு வந்து என்னிடம், "தங்கச்சி, இவரை உங்க ஸ்கூல்ல எங்கயாவது உக்கார வச்சுக்கோயேன். மணியாவது அடிக்கட்டும்" என்றார்.

அடுத்த வாரமே சார் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, எனக்கு ரெண்டு உப்பு வேணும். ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு. எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டு, பெயர்களை எழுதிய துண்டுத்தாளைக் காட்டினார்.

எதற்கென்று கேட்டேன். படிக்கிற காலத்தில் அவர் ஆசிரியர் ஒருவர், எக்ஸ்ரே மெஷினைத் தொட விடுவதற்கு முன், ஒளி என்றால் என்ன என்று காட்ட ஒரு காரியம் செய்தாராம். இந்த இரண்டு உப்பையும் தண்ணீரில் கரைத்து, கலந்து, பருத்தித் துணியில் தடவி இருட்டில் காயவைத்தார். காய்ந்த துணிமேல் ஒரு சாவிக்கொத்தை வைத்து வெயிலில் போட்டார். பிறகு தண்ணீரில் அலசினார். வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகி, சாவி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. "அன்னைக்கு வாயைப் பொளந்து பாத்துட்டு நின்னேன். அப்புறம் வேலை, குடும்பம்னு போயிடுச்சு. இப்ப பகல் முழுக்க எனக்கு என்ன வேலை?" என்றார்.

ஆய்வகத்துக்குச் சாமான் தரும் கடையைச் சொன்னேன். சிவப்பு உப்பின் பெயரை அக்கா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"பேர்லயே சயனைடுன்னு வருதே. என்னை ஒழிச்சுக்கட்ட வேற வழி தெரியலயா உங்களுக்கு?"

"அமிலத்தோட சேராம, அடுப்புப் பக்கம் போகாம இருந்தா பயமில்லக்கா. கைக்கு உறை போட்டுக்குங்க" என்றேன்.

முதல் துணி ஒரு கிழிந்த தலையணை உறை. உள்ளறை ஜன்னலில் கறுப்புத்துணி கட்டி, அங்கே தடவிக் காயவைத்திருந்தார். மறுநாள் காலை மொட்டைமாடிக்கு அதை மூடி எடுத்துப்போய், அக்காவின் கத்தரிக்கோலை மேலே வைத்து, பழைய ஜன்னல் கண்ணாடியால் அழுத்தினார். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த துணி எங்கள் கண் முன்னால் கறுத்து, சாம்பல் நிறமாகி, பழைய பாத்திரம் மாதிரி ஆனது. "தீஞ்சுபோச்சு" என்றார் அக்கா. சார் அதை வாளித் தண்ணீரில் முக்கினார். மஞ்சள் சாயம் கரைந்து ஓடியது. அடியிலிருந்து நீலம் எழுந்து வந்தது. நடுவில் கத்தரிக்கோல், பிடியின் வளையங்கள் உட்பட, வெள்ளையாகக் கிடந்தது.

அக்கா வெகுநேரம் அதைப் பிடித்துப் பார்த்தார். பிறகு தையல்காரி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "துவைச்சா போயிடுமா?"

சாருக்குத் தெரியவில்லை. அக்கா அன்று மாலையே சலவைத்தூள் போட்டுத் துவைத்துப் பார்த்தார். நீலம் வெளுத்து, நாள்பட்ட டீக்கறை மாதிரி ஆகிவிட்டது. சார் முகம் விழுந்துவிட்டது. அக்காதான் தேற்றினார். "காரம் இருக்கிற சோப்பு ஆகாது, அவ்வளவுதானே? கம்பளித் துணிக்குப் போடுற மாதிரி மெதுவான சோப்புல அலசச் சொல்லிக் கொடுப்போம். எந்தத் துணிக்குத்தான் ஒரு பத்தியம் இல்ல?"

அன்றிலிருந்து அது இருவரின் வேலையாகிவிட்டது. உப்பு கலப்பது, துணி நனைப்பது, நிழலில் காயவைப்பது, கண்ணாடி துடைப்பது சார். துணிமேல் எதை எப்படி வைப்பது என்பது அக்கா. சார் எதையும் சமமாக, நடுவில், இடைவெளி பார்த்து வைப்பார். அக்கா கையில் வருவதே வேறு. மழைநீர்க் குழாயோரம் முளைத்திருக்கும் செடியைப் பிடுங்கி வேரோடு வைப்பார். அளவு நாடாவை ஒரு கவுனின் குறுக்கே பாம்பு போல விடுவார். எங்கள் தெருவில் பாதிப் பெண்பிள்ளைகள் அந்த அளவு நாடா கவுனைப் போட்டுக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. நூலை மட்டும் அவர் வைக்க மாட்டார். கையை உயர்த்தி, விரலைத் தளர்த்தி, தானாக விழவிடுவார். விழுந்த இடம்தான் அதன் இடம்.

"இதைக் கொஞ்சம் இப்படி நகத்தினா நேரா இருக்கும்" என்பார் சார்.

"நேரா இருக்கிறது எலும்பு. இது நூலு. கையை எடுங்க."

வானம் மூட்டமாகும் நாளில் இருவரும் கண்ணாடியும் துணியுமாகப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார்கள். நடுவெயிலில் மேகம் வந்து மறைத்தால் சார் கடிகாரத்தைப் பார்ப்பார். அக்கா மேகத்தைத் திட்டுவார். பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து பை, மேஜை விரிப்பு, பிள்ளைகள் சட்டை என்று சொல்லிவைத்துப் போக ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளி ஆசிரியைகள் எல்லோரிடமும் அவர்கள் செய்த நீலத் தோள்பை ஒன்று இருந்தது.

ஒருமுறை சார், ஆஸ்பத்திரியில் தூக்கிப்போட வைத்திருந்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களைக் கொண்டுவந்தார். துணியில் பதித்தால் எலும்பெல்லாம் நீலமாக விழும், இளவட்டங்கள் சட்டையில் போட்டுக்கொள்வார்கள் என்றார். அக்கா ஒரு ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தார். யாருடைய விலாவோ.

"இது யாருங்க?"

"யாருக்குத் தெரியும். பழசு."

"இருக்காங்களோ, போயிட்டாங்களோ. வலிச்சுதானே வந்து படுத்திருப்பாங்க? அதைச் சட்டையில போட்டுக்கிட்டு நான் கடைக்குப் போகணுமா? கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படி மூன்று கோடை போயின. அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அப்பா அம்மா ஏதோ துணியில் சாயம் போடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அனுப்பிய தலையணை உறைகளைப் பார்த்து மகிழ்வாள். ஆனால் வரும்போதெல்லாம் ஓரிரு நாள்தான் தங்குவாள். அந்த நாட்களில் அக்கா வேலையை ஓரம்கட்டிவிட்டு மகளோடு பேசிக்கொண்டே இருப்பார். அதனால் அது எப்படி நடக்கிறது என்று அவள் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாடியில் இருந்தேன். யாரோ திரைச்சீலைக்குச் சொல்லிவிட்டு, பிறகு வேண்டாம் என்று விட்டார்கள். பெரிய துணி, உப்பு தடவிக் காய்ந்து தயாராக இருந்தது. விட்டால் வீண். மேலே வைக்க அவ்வளவு பெரிதாக எதுவும் இல்லை.

"நான் படுக்கிறேன்" என்றார் அக்கா.

"உன் வயசென்ன, நீ பண்றதென்ன?"

"வெயிலுக்கு என் வயசு தெரியுமா? தள்ளுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு, துணியின் நடுவில் மல்லாந்து படுத்தார். முடியை அவிழ்த்துப் பரப்பினார். ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்துக்கொண்டார். நான் சிரித்துச் சிரித்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சார் மட்டும் தொழில்காரராகிவிட்டார். "அசையாதே. மூச்சை மெதுவா விடு" என்று கடிகாரத்தோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. மறுபடி வந்தது.

அலசி எடுத்தபோது பாதமும் பாவாடை விளிம்பும் வெட்டி வைத்தது போல் விழுந்திருந்தன. மார்புக்கு மேலே எல்லாம் கலங்கியிருந்தது. தோளுக்கு இரண்டு மூன்று விளிம்பு. முகம் இருந்த இடத்தில் பஞ்சுப்பொதி மாதிரி ஒரு வெளுப்பு.

"பேய் மாதிரி இருக்கேன்" என்று அக்கா சிரித்தார். சார் சிரிக்கவில்லை. சொட்டுகிற துணியைப் பிடித்தபடி அந்தக் கலங்கலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இருமுறே?"

"துணித் தூசிங்க. தையல்காரிக்கு இருமல் வராம வேற என்ன வரும்?"

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"மழைக்கு முன்னாடியிருந்து இருக்கும். மெஷின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

அந்தத் துணியை அக்கா மறுநாளே வெட்டிப் பைகளாகத் தைத்துவிட்டார். "என் முழங்கால் கீழ்வீட்டுக்கு, என் கை பேங்க்ல வேலை பாக்கிற அம்மாவுக்கு" என்று எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் சார் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே நடந்ததைப் பின்னால் சார்தான் எனக்குச் சொன்னார். எக்ஸ்ரே அறையில் அவரிடம் வேலை கற்றவர் இருந்தார். ஃபிலிம் எல்லாம் போய் இப்போது திரை வந்துவிட்டது. "வாங்க சார், உள்ள வந்து நில்லுங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அக்கா தாடையை உயர்த்தி, தோளை முன்னால் தள்ளி நின்றார். எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படம் உடனே திரையில் வந்தது. வலது நுரையீரலின் மேல்பகுதியில் இருந்தது அது. அந்த இடத்தில் அந்த உருவில் எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்றவர் திரையைப் பார்க்காமல் மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அக்கா சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"என்னங்க தெரிஞ்சுது?"

சார் சொன்னார்: "டாக்டர் சொல்லுவாரு."

அக்கா அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் மெஷினில் உட்கார்ந்து, பாதியில் விட்ட சீருடையை இருட்டும்வரை தைத்தார். "ஊராருக்குச் சொல்ற வார்த்தையை என்கிட்டயும் சொன்னாரு பாத்தியா, அப்பவே புரிஞ்சுபோச்சு தங்கச்சி. இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால அதைச் சொல்லிட்டாரு" என்று பிறகு என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னார். அறுவை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மருந்து ஏற்றினார்கள். அக்காவின் முடி போனது. உடம்பில் பாதி போனது. பேச்சு மட்டும் போகவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு, "எல்லாருக்கும் தளர்த்தியும் பிடிச்சும் குடுத்தேன். எனக்கு மட்டும் எல்லாத் துணியும் தளர்த்தியாப் போச்சு" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த நேரத்தில்தான் மகள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. முன்பு ஒருமுறை கரு தங்காமல் போயிருந்ததால் அவளை அலைய வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தினமும் போனில் பேசுவாள். அக்கா அவளிடம் நோயைப் பாதியாகத்தான் சொன்னார்.

படியேற முடியாமல் போனபின் வேலையை அவர்கள் வேறு மாதிரி பிரித்துக்கொண்டார்கள். உள்ளறை அரையிருட்டில் அக்கா மேஜையருகே உட்கார்ந்து, காய்ந்த துணிமேல் எல்லாவற்றையும் வைப்பார். சார் கண்ணாடியால் அழுத்தி, சுற்றிலும் கிளிப் மாட்டி, கறுப்புத்துணி போர்த்தி, தட்டில் நிறை தண்ணீர் கொண்டுபோவது மாதிரி அடிமேல் அடி வைத்து மாடிக்குக் கொண்டுபோவார். இரண்டாவது வளைவில் எப்படியும் ஏதாவது நகர்ந்துவிடும். கீழே கொண்டுவந்து காட்டும்போது, "நான் வச்சது வாத்து. வழியில அது ஒட்டகமாயிடுச்சு" என்று அக்கா இருமலுக்கிடையே சிரிப்பார். சார் அசடு வழிய நிற்பார். அந்த மாதங்களில் அவர்கள் வீட்டிலிருந்துதான் எங்கள் கட்டிடத்திலேயே அதிகம் சிரிப்புச் சத்தம் வந்தது.

மழை தொடங்கி நாலைந்து நாள் விடாமல் பெய்தது. ஒருநாள் மாலை சூப் கொண்டுபோனேன். அக்கா உள்ளறையில் இருந்தார். மூலையில் மங்கலான பல்பு. மேஜையில் மெல்லிய பருத்தித் துணி. பிறக்கப்போகும் குழந்தையின் கவுனுக்கு.

"நாளைக்கு வெயில் வரும்னு ரேடியோவுல சொன்னாங்க" என்றார்.

அவர் வைத்ததை நான் நின்று பார்த்தேன். ஓரத்தில் ஒரு கிளை, அதில் சின்னச் சின்ன இலைகள். பித்தான்களைக் கை நிறைய எடுத்து, பெரியது சிறியது பார்க்காமல் உருட்டிவிட்டார். அவை உருண்டு, சில கூட்டமாகவும் சில தனியாகவும் போய் நின்றன. கடைசியில் நூல். கையை அவ்வளவு உயரம் தூக்க முடியவில்லை. சார் முழங்கையைப் பிடித்து உயர்த்தினார். அக்கா விரலைத் தளர்த்தினார். நூல் இறங்கி, ஒரு பித்தானைச் சுற்றி, கிளையைத் தொட்டும் தொடாமலும் ஓடி, துணியின் விளிம்பைத் தாண்டி வெளியே போயிற்று.

"அந்த நுனியை உள்ள இழுத்துவிடவா?" என்று சார் கேட்டார்.

"விடுங்க. அது எங்கயோ போகுது."

சார் கண்ணாடி வைத்து, கறுப்புத்துணியால் மூடினார்.

அன்றிரவே அக்காவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் கழித்து, ஈரமான ஒரு காலையில், அங்கேயே போய்விட்டார்.

மகளால் அதற்கு மேல் வராமல் இருக்க முடியவில்லை. கணவனோடு ரயிலில் வந்து, நேரே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சார் அப்போது ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும் என்று மகள் வீட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்திருக்கிறாள். சும்மா உட்கார்ந்தால் உடைந்துவிடுவோம் என்று கையில் வேலையைப் பிடித்துக்கொள்கிற பெண். உள்ளறை ஜன்னலின் கறுப்புத்துணியை அவிழ்த்துக் காற்றோட்டமாகத் திறந்துவிட்டாள்.

நாங்கள் வந்தபோது கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். சார் யாரையும் பார்க்காமல் உள்ளறை வாசல்வரை போய் நின்றார். நான் பின்னால் நின்றேன். ஜன்னல் வழியே வெளிச்சம் வந்து விழுந்திருந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த வெயில். மேஜை வெறுமையாகத் துடைத்துக் கிடந்தது.

"இது மேல இருந்தது எங்கம்மா?" என்று கேட்டார்.

"எடுத்து வச்சுட்டேம்பா. பித்தான் எல்லாம் டப்பாவுல போட்டுட்டேன். நூலைச் சுத்தி வச்சுட்டேன். துணியை மடிச்சு அலமாரியில வச்சிருக்கேன். ஏன்பா, ஏதாவது வேணுமா?"

அவள் முகம் அழுது அழுது வீங்கியிருந்தது. ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"ஒண்ணும் வேணாம்மா. நல்ல காரியம் பண்ணே. இல்லன்னா கீழ விழுந்து சிதறியிருக்கும்" என்றார் சார்.

பிறகு வாசலுக்கு வந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். வராந்தாவின் கோடிக்குப் போய் நின்றோம். அவர் குரல் சாதாரணமாகவே இருந்தது.

"நீ அன்னைக்குப் பாத்தேல்ல?"

"பாத்தேன் சார்."

"அவகிட்ட சொல்லிடாதே. என்னைக்கும் சொல்லக் கூடாது. வயித்துல பிள்ளையோட இருக்கா. இதையும் தூக்கிச் சுமக்க வேணாம்."

தலையாட்டினேன். அவர் அங்கேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் அவரைத் தனியே விட்டுவிட்டு வந்தேன்.

அந்தத் துணி அலமாரியில் மடிந்தபடியே மடிப்புக்கு மடிப்பு நீலமும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக மாறிப்போயிருந்தது. மகள் ஊருக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, இப்படிப் பாழாயிருக்கு?" என்று கேட்டாள். "சும்மா சோதனைக்குப் போட்ட துணி. வீடு துடைக்க ஆகும்" என்றார். துடைக்க எடுக்கவில்லை. அப்புறம் அதை நான் பார்க்கவும் இல்லை.

மழைக்காலம் முழுவதும் அவர் எதையும் தொடவில்லை. கடைக்குப் போவார், வருவார். வழியில் யாராவது நீலப்பை பிடித்துக்கொண்டு போனால் அவர் நடை தானாக மெதுவாகும். ஒருநாள் காய்கறிக் கடையில் பேங்க் அம்மாவின் பையைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா புரிந்துகொண்டு, சாமானை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, பையை அவரிடம் நீட்டினார். "ஐயோ வேணாங்க. உங்களுக்குன்னு தச்சது. நீங்க வச்சிருந்தாத்தான் அவளுக்குப் பிடிக்கும்" என்று மறுத்துவிட்டார். அந்த அம்மா மறுபடி ஒவ்வொன்றாகச் சாமானை உள்ளே வைக்கும்வரை உதவிக்கு நின்றார்.

வானம் வெளுத்ததும் ஒருநாள் உள்ளறையில் மீண்டும் கறுப்புத்துணி கட்டியிருப்பதைப் பார்த்தேன். பேத்திக்குக் கவுன் துணி செய்ய உட்கார்ந்திருந்தார். பிறந்தது பெண் என்று செய்தி வந்திருந்தது. அக்கா வைத்த அதே வைப்பை அவர் திரும்ப வைக்கப் பார்த்தார். எது எங்கே இருந்தது என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எனக்கும் ஓரளவு இருந்தது. "அந்த வெள்ளைப் பித்தான் கொஞ்சம் தள்ளி இருந்துச்சுல்ல?" என்று கேட்பார். "ஆமாம் சார், இலைக்குப் பக்கத்துல." வெயிலில் போட்டு, அலசி, கொடியில் மாட்டிப் பார்ப்போம். எல்லாம் சரியான இடத்தில்தான் இருக்கும். ஆனால் கடையில் விற்கிற அச்சுத்துணி மாதிரி இருக்கும்.

"உருட்டிவிட்டுப் பாருங்க சார். அக்கா அப்படித்தானே செஞ்சாங்க."

உருட்டினார். பித்தான்கள் மேஜை விளிம்புவரை ஓடி நின்றன. ஓடியதை எடுத்து ஒழுங்காக வைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. நூலையும் கையை உயர்த்தி விட்டுப் பார்த்தார். விழுந்ததும் விரல் தானாகப் போய் அதை நேராக்கியது. நாலைந்து துணி வீணானபின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தக் கை நாப்பது வருஷமா ஆளுங்களை நேரா நிக்க வச்ச கை. இதுக்கு வேற எதுவும் வராதும்மா" என்றார்.

கடைசித் துணியை அவர் எதுவுமே வைக்காமல் வெயிலில் போட்டார். அலசி எடுத்தபோது ஓரம்முதல் ஓரம்வரை ஒரே நீலம். அதைத் தெருக்கோடித் தையல்காரரிடம் கொடுத்துக் கவுனாகத் தைத்து அனுப்பினார். "கலர் ரொம்ப அழகா இருக்குப்பா. அம்மா போட்டது ஏதாவது மிச்சம் இருந்தா அதுலயும் ஒண்ணு தச்சு அனுப்புங்களேன்" என்று மகள் போனில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "மிச்சம் எதுவும் இல்லம்மா. எல்லாத்தையும் அப்பவே குடுத்துட்டா" என்றார்.

தனியாக இருக்க வேண்டாம் என்று மகளும் மருமகனும் வந்து கட்டாயப்படுத்தி அவரைக் கூட்டிப்போனார்கள். தையல் மெஷினைக் கீழ்வீட்டுப் பெண் வாங்கிக்கொண்டாள். மீதமிருந்த உப்புப் பாட்டில்கள் இரண்டையும் என் பள்ளிக்கு எடுத்துப்போனேன். கிளம்புகிற அன்று குழந்தை அவர் தோளில் இருந்தது. படியிறங்கும்போது இரண்டாவது வளைவில் நின்று, குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு போனார்.

எப்போதாவது போன் செய்வேன். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, நடக்கிறாள், காலையில் பூங்காவுக்குத் தூக்கிப்போகிறேன் என்று சொல்வார். போன வாரம் பேசியபோது, வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்ல வீடும்மா. சுத்திலும் பெரிய பெரிய கட்டிடம். வீட்டுக்குள்ள வெயிலே வர்றதில்ல" என்றார். பின்னால் குழந்தை ஏதோ மழலை பேசுவது கேட்டது.

"அதுவும் ஒருவிதத்துல நல்லதாப் போச்சு" என்றார்.